பைபாஸ் ரோட்டுப் பிளாட்டினம்

— சாவியைக் குடு குழலி. மணி ஒம்பதே கால். பத்து மணிக்கு அந்த மெஷின் வந்துடும்.

— வரட்டும்.

— வரட்டுமா? என்னமோ சம்பந்தி வீட்டுலேர்ந்து ஆள் வர்ற மாதிரி சொல்றே! அது ரோட்டைச் சுரண்டற மெஷின்டி. வயித்துக்கு அடியில எண்ணூறு பல்லு. ஒவ்வொரு பல்லும் நம்ம ஆனைக்காவல் ஆனையோட பல்லு சைஸ். ஸ்ரீரங்கம் திரும்பற எடத்துலேர்ந்து பாலம் வரைக்கும் ஒரே மூச்சுல வழிச்சு லாரியில கொட்டிட்டுப் போயிடும். அப்புறம் மேல புதுத் தார். என் பிளாட்டினம் அத்தனையும் அதுக்கு அடியில சமாதி.

— உங்க பிளாட்டினம்.

— பின்னே யாருது? பதினஞ்சு மாசமா பெருக்கறவன் நான்.

— நேத்து அந்த லாரிக்காரன் இன்னும் ஒரு சாண் வந்திருந்தான்னா இன்னிக்கு நீங்க இங்க நின்னு வழக்காடிக்கிட்டிருக்க மாட்டீங்க. முழங்கைக் கட்டுல ரத்தம் இன்னும் காயலை. சாவி கிடையாது.

— ரத்தமா? அது டிஞ்சர். லாரிக்குத்தான் அடி. என் மேல மோத வந்துட்டு, இந்தக் கிழவனை இடிச்சா நம்ம பம்பர் என்னத்துக்கு ஆகும்னு பயந்து ஓரமா ஒதுங்கி நின்னுடுச்சு. டிரைவர் இறங்கி வந்து எனக்கு சல்யூட் அடிக்கறான்.

— டிரைவர் இறங்கி வந்து என்ன சொன்னான்னு எனக்கும் தெரியும். சாகறதுக்கு உனக்கு என் வண்டிதான் கிடைச்சுதான்னு கேட்டிருக்கான்.

— அது அவன் ஊர்ல சல்யூட்.

— சிரிக்க வைக்கப் பாக்காதீங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

— சரி, சிரிக்க வேணாம், கேளு. அறுவத்தாறு வயசு லேப் ஆசாமி சொல்றேன், பாய்லர் ஃபேக்டரியில முப்பத்திநாலு வருஷம் இரும்பைக் கரைச்சுப் பார்த்தவன் சொல்றேன். ஒவ்வொரு காருக்கும் அடியில, புகை போற குழாய் நடுவுல, தேன்கூடு மாதிரி ஒன்னு வெச்சிருக்கான். அதுல பிளாட்டினம் பூசியிருக்கான். வண்டி ஓட ஓட அது கண்ணுக்குத் தெரியாத பொடியா உதிர்ந்து, புகையோட வெளிய வந்து, ரோட்டோரத் தூசியில படிஞ்சுடுது. வெளிநாட்டுல ரோடு பெருக்கற வண்டியோட குப்பையைக்கூட விடறதில்லை தெரியுமா? நம்ம பைபாஸ்ல ஒரு நாளைக்கு நாலு லட்சம் வண்டி...

— போன வாரம் ரெண்டு லட்சம்னீங்க.

— போன வாரம் அஷ்டமி நவமி குழலி. இந்த வாரம் பூரா முகூர்த்தம்! நாலு லட்சம் வண்டி, ஒவ்வொன்னும் பின்னாடி பிளாட்டினத்தைத் தும்மிக்கிட்டே போகுது. சாயங்கால வெயில்ல பாலத்து மேல நின்னு பார்த்தா ரோடே மினுக்குது, கண்ணு கூசுது. உச்சிப்பிள்ளையாருக்கு தும்பிக்கையிலேர்ந்து வாகனம் வரைக்கும் கவசம் போட்டு, மிச்சத்துல நம்ம ரஞ்சனியோட பொண்ணுக்குக் கொலுசு பண்ணலாம்.

— ரஞ்சனி காலையில மணப்பாறையிலேர்ந்து போன் பண்ணினா. அவ மாமியார் பஸ்ல வரும்போது ஜன்னல் வழியா உங்களைப் பார்த்தாங்களாம். தொடப்பமும் கையுமா.

— பெருமைப்பட்டிருப்பாங்க.

— அழுதா. அப்பாவை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டும்மான்னு சொன்னா. பூட்டிட்டேன்.

— ஓஹோ. பொண்ணும் அம்மாவும் சேர்ந்து போட்ட சட்டமா? சரி. நானே தேடிக்கறேன். சாமி அலமாரி பார்த்தாச்சு. பீரோ பார்த்தாச்சு. வாஷிங் மெஷினுக்குள்ள தலையை விட்டுப் பார்த்தாச்சு, இன்னொரு நிமிஷம் இருந்தா மூடி சுத்தி எடுத்திருக்கும். பாக்கி சமையக்கட்டுதான்.

— சமையக்கட்டுப் பக்கம் போகாதீங்க.

— ஏன், அங்கதான் இருக்கா?

— வழுக்கும். இப்பத்தான் தொடைச்சேன்.

— அந்தச் சமையக்கட்டுல அப்படி என்னதான் பண்றே நீ? ஒரு வருஷமா பாக்கறேன், மத்தியானம் ரெண்டு மணிக்கு நான் கண்ணை மூடினா போதும், மிக்ஸி சத்தம். மத்தியானம் எவளாவது சட்னி அரைப்பாளா? அரை மணி நேரம் அது ஓடுது, வர்றது ஒரு கரண்டி சட்னி. எதிர்வீட்டு சித்ராதேவி என்கிட்ட கேக்கறாங்க, சார் மெஸ் ஏதாவது ஆரம்பிச்சிருக்கீங்களான்னு.

— தேங்காய் முத்தல்.

— அவ்வளவு முத்தின தேங்காயைக் கோயில்லகூட உடைக்க மாட்டான். சரி விடு. சாவி வேணாம். பூட்டையே அறுத்துடறேன். இதோ பாரு, என் முக்கோண அரம். ரெண்டு நிமிஷம்... என்ன இது? இழுக்க இழுக்க வழுக்கிக்கிட்டுப் போகுது. பல்லெல்லாம் மழுங்கிக் கிடக்கே! ரிட்டையர் ஆனப்ப லேப் பசங்க புதுசா வாங்கிக் குடுத்தது. நான் இதால ஒரு ஆணியைக்கூட ராவினதில்லை. யாரு எடுத்து என்னத்தை ராவினா?

— நான்தான். அருவாமனை தீட்டினேன்.

— அரத்தால அருவாமனையா? முப்பத்திநாலு வருஷம் லேப்ல இருந்தவன் பொண்டாட்டி பண்ற வேலையா இது! அருவாமனைக்கு... அதோ ஹார்ன். யூசுப் பாய் வந்துட்டார். பாய்! இங்க!

— சார்! மாத்ருபூதம் சார்! லோடு ஆட்டோ ரெடி. ஏழு காலி மூட்டை, ரெண்டு புதுத் தொடப்பம். என்ன சார், கிரில் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு மனு போட வந்தவரு மாதிரி நிக்கறீங்க?

— ஜெயில் பாய். வார்டன் அம்மாகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க.

— நான் என்னத்தைச் சொல்ல. மட்டுவார்குழலி அக்கா, கோச்சுக்காதீங்க. நேத்து நடந்ததை நான் கண்ணால பார்த்தேன். லாரி ஹார்ன் அடிக்குது, அடிச்சுக்கிட்டே வருது, சார் எந்திரிக்கலை. குத்துக்கால் போட்டு உக்கார்ந்து, தார் வெடிப்புல எதையோ நகத்தால நோண்டிக்கிட்டு இருக்காரு. நான் ஓடிப்போய் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். பாதிச் சட்டை என் கையோட வந்துடுச்சு.

— எந்திரிக்கலையா? தெரிஞ்சும் எந்திரிக்கலையா?

— ஏன் பாய், நீங்க வண்டி ஓட்ட வந்தீங்களா, சாட்சி சொல்ல வந்தீங்களா?

— கேட்டாங்க, சொன்னேன் சார். இன்னொன்னும் ரொம்ப நாளா நெஞ்சுல கிடக்கு, சொல்லிடறேன். மூணு தடவை அங்கேயே, ஆத்துத் தண்ணியை மொண்டு வண்டியில வெச்சு அரிச்சுப் பார்த்தோமா இல்லையா? மண்ணு. சுத்த மண்ணு. அதே மூட்டையை இங்க கொண்டாந்து பின்கட்டுல ஒரு நாள் வெச்சுட்டு அரிச்சா மஞ்சளா மினுக்குது. அது எப்படி சார்?

— வீட்டுத் தண்ணி ராசி. காவேரி பாய், காவேரி!

— போர் தண்ணிங்க அது.

— நீ சும்மா இரு குழலி.

— அதுவும் நீங்க பிளாட்டினம்னீங்க. பிளாட்டினம் வெள்ளை இல்ல சார்? நீங்க பாட்டில்ல சேர்த்து வெச்சிருக்கறது மஞ்சளா இருக்கு. சரி, எனக்கெதுக்கு. நான் முக்குக் கடையில ஒரு டீ குடிச்சுட்டு நிக்கறேன். அக்கா கேட்டைத் தொறந்தா வரேன். தொறக்கலைன்னா அப்படியே காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காயம் ஏத்தப் போறேன். அக்கா, நான் சொல்றதைக் கேட்டா, தொறக்காதீங்க.

— துரோகி! நாலு லட்சம் வண்டியில ஒரு வண்டி துரோகி வண்டின்னு இப்பத்தான் தெரியுது! ... போயிட்டாரா? போயிட்டாரே. குழலி, மணி ஒம்பதரை.

— என்னைப் பாருங்க. லாரி வர்றது தெரிஞ்சுதா?

— தெரியலைன்னு சொல்லிட்டா விடுவியா?

— பொய் சொல்லாதீங்க.

— கேட்டுது. ஹார்ன் கேட்டுது. அந்த வெடிப்புல ஏதோ மினுக்கின மாதிரி இருந்துச்சு. அதை விட்டுட்டு எந்திரிச்சா அடுத்த சக்கரம் கொண்டுபோயிடும்னு தோணிச்சு. அதான். சாகணும்னு இல்லை.

— போன வருஷம் ஆடியிலயும் இதையேதான் சொன்னீங்க. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல, தெருப்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உக்கார்ந்திருந்தீங்க. கேட்டா, காத்து வாங்கறேன்னீங்க. அன்னிக்குக் காத்தே இல்லை. ஒரு எலை ஆடலை.

— மண்ணுல ஒன்னுமே வரலையேன்னு கொஞ்சம் சோர்வா...

— நாலு நாள் தண்ணியைத் தவிர ஒன்னும் எறங்கலை உங்களுக்கு. ரோடும் என்னை ஏமாத்திடுச்சு குழலின்னீங்க. நான் ராத்திரி பூரா மாடிப்படிக் கதவுல சாஞ்சு உக்கார்ந்திருந்தேன்.

— அஞ்சாம் நாளே மினுக்குச்சுல்ல? மொத மொத மஞ்சப் பொட்டு! அம்மன் மூக்குத்தி மாதிரி! அப்ப எந்திரிச்சு சாப்பிட்டேன்ல?

— சாப்பிட்டீங்க. மூணு தோசை. சட்னி நல்லா இருக்குன்னீங்க.

— நல்லாத்தான் இருந்துச்சு.

— அது போதும்னு இருந்தேன். தினம் ஏதோ ஒரு பொட்டு கிடைக்குது, காலையில எந்திரிக்கறார், குளிக்கறார், தெருவுல நாலு பேர்கிட்ட அளந்து விடறார். இருக்கட்டும்னு இருந்தேன். ஆனா நேத்தோட சரி. எனக்கு ஒன்னு சொல்லுங்க. திருச்சியில ரோடே இல்லையா? ஜங்ஷன் இருக்கு, பாலக்கரை இருக்கு, நம்ம கே.கே. நகர்ல இல்லாத காரா? ஏன் அந்த எடமே வேணும் உங்களுக்கு?

— டிராஃபிக் அங்கதானே ஜாஸ்தி.

— ரஞ்சித் விழுந்த எடம்ங்க அது.

— பேரைச் சொல்லாதே.

— சொல்லுவேன். இருபது மாசமா இந்த வீட்டுல அந்தப் பேரை யாரும் சொல்லலை. ரஞ்சித். ஸ்ரீரங்கத்துல சிநேகிதன் கல்யாணத்துக்குன்னு தை மாசம் பைக்ல போன நம்ம புள்ளை ரஞ்சித், திரும்பற எடத்துல விழுந்தான். ஒருத்தனை அங்க குடுத்தாச்சு. உங்களையும் சேர்த்துக் குடுக்க என்னால முடியாது. அந்த ரோட்டுல ஒன்னும் இல்லைங்க. சத்தியமா ஒன்னுமே இல்லை.

— இருக்கு.

— இல்லைங்க. எனக்குத் தெரியும்.

— உனக்கு எப்படித் தெரியும்? நீ அந்தப் பக்கமே வந்ததில்லை.

— தெரியும். அவ்வளவுதான்.

— சரி குழலி. மணி ஒம்பதே முக்கால் ஆகப் போகுது. இனிமே கதை அளக்க நேரம் இல்லை. உக்காரு. பிளாட்டினம் இல்லை.

— என்னது?

— பிளாட்டினம் உண்டு. ஆனா கையால அள்ளினாக் கிடைக்காது. லோடு லோடா மண்ணை அள்ளி பெரிய உலையில போட்டாத்தான் ஒரு சிட்டிகை வரும். தொடப்பத்தை வெச்சுக்கிட்டு ஒருத்தன் பெருக்கி எடுக்கறதெல்லாம் கதை. லேப் ஆசாமிக்கு அது தெரியாதா? மொத நாளே தெரியும். ரோட்டுல உக்கார்ந்து ஒரு கிழவன் மண்ணை அள்ளினா ஊர் கேக்குமே, நீ கேப்பியேன்னு, பேப்பர்ல படிச்சதை வெச்சு ஒரு கதை கட்டினேன். நாலு லட்சம் வண்டி, பிள்ளையாருக்குக் கவசம், எல்லாம் கதை.

— அப்ப என்னத்தைத் தேடறீங்க அங்க?

— செயினை.

— எந்தச் செயினை?

— அவன் செயினை. ரெண்டு பவுன். என் ரிட்டையர்மென்ட் பணத்துல மொத மொதல்ல வாங்கினது.

— ஐயோ.

— அன்னிக்கு அவன் அதைக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டுக் கிளம்பினான். வேணாம்ப்பா, அசிங்கமா இருக்கு, மைனர் மாதிரின்னான். நான் விடலை. கல்யாண வீட்டுக்கு வெறுங்கழுத்தோட போகாதேடா, பொண்ணு குடுக்கறவன் எவனாவது பார்ப்பான்னு வாசல்ல மறிச்சு நானே மாட்டி விட்டேன். கொக்கி கொஞ்சம் விட்டுப்போயிருந்துச்சு. பட்டறைக்குப் போக நேரமில்லைன்னு பல்லால கடிச்சு நெருக்கினேன். என் மீசை குத்துதுன்னு கழுத்தைச் சுருக்கிக்கிட்டுச் சிரிச்சான். அதான் கடைசி. ஆஸ்பத்திரியில உன்னைக் கேட்டேன், ஞாபகம் இருக்கா? செயின் எங்க குழலின்னு. ரோட்டுல போயிருக்கும்னு சொன்னே.

— சொன்னேன்.

— அப்பவே முடிவு பண்ணிட்டேன். நான் கடிச்சது சரியா நெருங்கலை. கொக்கி விட்டு செயின் அவுந்து ரோட்டுல விழுந்திருக்கு. அவனைத்தான் என்னால தேட முடியாது. அதையாவது தேடறேனேன்னு போனேன். அவன் கழுத்துல கடைசியா இருந்த என் கை அதுலதானே இருக்கு. உன்கிட்ட சொல்லலை. கிடைக்காமப் போச்சுன்னா நீ ரெண்டாந்தரம் அழணும்.

— போதுங்க.

— கேளு, கேளு, நல்ல சேதி இனிமேத்தான். மொத ரெண்டு மாசம் ஒன்னும் இல்லை. அப்பத்தான் மாடிச் சுவரு. அப்புறம் மஞ்சள் வந்துச்சு பாரு, எனக்குப் புரிஞ்சுபோச்சு. செயின் அங்கதான் இருந்திருக்கு. மேல ஏறின ஒவ்வொரு லாரியும் அரைச்சு அரைச்சுப் பொடியாக்கிடுச்சு. பெரிய கடைவீதி பட்டறை அழகிரிகிட்ட கொண்டுபோய் உரைச்சுப் பார்த்தேன். அதே இருபத்திரண்டு கேரட். அதே நகைத் தங்கம். அன்னிக்கு நான் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே வீடு வரைக்கும் நடந்து வந்தேன். இதோ, சட்டைப் பையிலயே வெச்சிருக்கேன், இருமல் மருந்து பாட்டில்ல. ஆட்டிப் பாரு. கையில வாங்கிப் பாரேன் குழலி. ஏன் கையைப் பின்னால வெச்சுக்கறே?

— எத்தனை கிராம் ஆச்சு?

— நேத்து நிறுத்தேன். பதினஞ்சு! பதினாறுல பதினஞ்சு! நாலு லட்சம் வண்டி ஏறின ரோட்டுலேர்ந்து மாத்ருபூதம் ஒரு பொட்டு விடாமப் பொறுக்கிட்டான். இதுல மட்டும் ஒரு சொல்லு மிகை கிடையாது. இன்னும் ஒரே கிராம். கொக்கி. அது கெட்டி, அரைபடாது. முழுசா அந்த வெடிப்புலதான் கிடக்கு, நேத்து மினுக்கினதே அதுதான். பத்து மணிக்கு மெஷின் வந்தா அதையும் வழிச்சுக்கிட்டுப் போயிடும். உன் கால்ல வேணாலும் நான் விழறேன். வயசு வித்தியாசம் பார்க்க மாட்டேன். சாவியைக் குடு. இன்னிக்கு ஒரு நாள். கொக்கி கிடைச்சுதுன்னா சத்தியமா அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்.

— லாரி அரைக்கலைங்க.

— பின்னே பஸ்ஸா? எதுவா இருந்தா என்ன, நேரம் ஆகுது!

— என் கையில ஒரு வளையல் மிச்சமிருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். எல்லாத்தையும் ரஞ்சனி கல்யாணத்துக்குப் போட்டாச்சு. தாலியில கை வைக்க முடியாது. வீட்டுல இருந்த தங்கம் அது ஒன்னுதான்.

— எது? என்ன பேசறே நீ? எழுந்திரு. குழலி, நீ அழறதைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு.

— துவரம்பருப்பு டப்பாவைத் தொறங்க. சாவி அதுக்குள்ள இருக்கு.

— அப்பாடா! இதை ஒம்பதே காலுக்கே சொல்லியிருக்கலாமே! இதோ, இதோ எடுத்துட்டேன்.

— ஓடாதீங்க. நில்லுங்க. பருப்புக்கு அடியில கையை விடுங்க. ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும்.

— ஆமா, இருக்கு. கறைபட்ட காகிதம். என்னது இது?

— ஆஸ்பத்திரியில குடுத்தது. செயினு ரோட்டுல போகலைங்க. அவன் கழுத்துலதான் இருந்துச்சு, ரத்தமா. காட்டினா நீங்களும் அன்னிக்கே போயிடுவீங்கன்னு பொய் சொன்னேன். நீங்க எதைத் தேடறீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. ஏதாவது ஒரு பொட்டு கிடைச்சா எந்திரிச்சு உக்காருவீங்களேன்னு, மிக்ஸியை ஓடவிட்டுட்டு உங்க அரத்தாலயே ராவி ராவி மூட்டையில போட்டேன். பிரிச்சுப் பாருங்க. கொக்கியில மட்டும் உங்க பல்லுத் தடம் இருந்துச்சு. அதை ராவ எனக்குக் கை வரலை.